பிள்ளை இல்லாமல் வாசிப்புப் பயிற்சி நடத்துவது எப்படி?

மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு வரி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களுக்கு ஆய்வுகள் காட்டும் முறைப்படி பயிற்சி கொடுக்கச் சொல்லி மேலிருந்து சுற்றறிக்கையும் வந்துவிட்டது. பதற வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்குத் துளியும் தொந்தரவில்லாமல் இதை நடத்தி முடிக்கலாம்.

முதலில் தேதி. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் உத்தமம். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை ஓ.டி.யில், அதாவது பணி நிமித்தம் என்று, வரவழைத்தால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்ப்பார். அன்றைக்கு அங்கே வாசிப்பு என்ற பேச்சே எழாது. ஆணை முந்தின நாள் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் விழட்டும்.

அடுத்தது கருத்தாளர். மாநில அளவில் ஐந்து நாள் கேட்டவர் மாவட்டத்தில் மூன்று நாளில் சொல்லட்டும். அங்கே கேட்டவர் வட்டாரத்தில் ஒரே நாளில் முடிக்கட்டும். கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று டெல்டாக்காரர்களைக் கேட்க வேண்டாம், அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஐந்து நாள் பயிற்சியில் செய்து பார்த்ததெல்லாம் வழியிலேயே வற்றி, பி.பி.டி. மட்டும் பத்திரமாக வந்து சேரும்.

அந்த பி.பி.டி.யில் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை கட்டாயம் இடம்பெற வேண்டும். சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தையும் ஒலியையும் இணைத்தல், சரளம், சொல்வளம், பொருள் புரிதல் ஆகிய ஐந்தையும் ஐந்து வண்ண வட்டங்களாகப் போடுங்கள். குழுவுக்கு ஒரு வட்டம், ஒரு சார்ட், நான்கு ஸ்கெட்ச் பேனா. வட்டத்துக்குப் பூ வேலை செய்து முடிப்பதற்குள் மதிய உணவு வந்துவிடும்.

இனி வருவதுதான் ஆபத்தான கட்டம். யாராவது ஓர் ஆசிரியை எழுந்து, “சார், எங்கிட்ட ஒரு பையன் ‘க’ன்னா சொல்றான், ‘கெ’ன்னு வந்தா முழிக்கிறான். என்ன செய்யட்டும்?” என்று கேட்டுவிடுவார். பயிற்சியைத் தடம் புரளச் செய்யும் கேள்வி இது. காரணம், இதற்குப் பதில் இருக்கிறது. ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, வாயிலோ அதன் ஒலி பின்னால்தான் வருகிறது. ‘கொ’ என்றால் மெய்யை இரண்டு பக்கமும் வளைத்துக்கொள்கிறது. ‘கு, சு, து, று’ நான்கிலும் உகரம் ஒன்றே, உருவம்தான் ஒரே மாதிரி இல்லை. ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்துவிடும் பிள்ளை பாடப்புத்தகத்தில் தடுமாறுவதற்கு இவ்வளவு காரணங்கள் உண்டு. கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகளும், இப்படிப்பட்ட எழுத்துமுறை முதல் இரண்டு ஆண்டுகளில் கைவந்துவிடாது என்றே காட்டின. அதைச் சொல்லப் போனால், மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் எழுத்து கற்பிக்க நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஆகவே, “அது அடுத்த அமர்வுல வருது மேடம்” என்று சிரித்த முகத்தோடு சொல்லி உட்காரவைத்துவிடுங்கள். அடுத்த அமர்வு எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது பற்றியது.

இன்னும் சில விஷயங்களும் அவர்கள் காதில் விழாமல் இருப்பது நல்லது. ட, ப, ம மூன்றோடு புள்ளி வைத்த ட், ம் இரண்டும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசிக்க ஆரம்பிக்கலாம், மீதி எழுத்துகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறதா என்று பார்க்க, ‘டபம்’ என்று அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டினால் போதும், அரை நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டில் ‘வூட்டுக்குப் போறேன்’ என்று பேசுகிற பிள்ளைக்கு ‘வீட்டிற்குச் செல்கிறேன்’ என்ற வரியில் எழுத்து மட்டுமல்ல, சொல்லும் புதிது. வாசிக்க வைப்பதற்கு முன் அந்த வரியை ஒருமுறை வாயால் பேசவிட்டால் பாதிப் பாரம் குறையும். இவற்றுக்குச் செலவும் இல்லை, சார்ட்டும் வேண்டாம். புகைப்படத்திலும் எடுபடாது.

மாதிரி வகுப்பு இல்லாவிட்டால் குறை சொல்வார்கள். நடத்துங்கள், ஆனால் ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து நடத்துங்கள். வகுப்பில் உள்ள அத்தனை பேரும் முதல் முயற்சியிலேயே சரளமாக வாசித்துவிடுவார்கள். முறை வெற்றி என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். பயிற்சி நடக்கும் வட்டார வள மையம் பல ஊர்களில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம், வாசிக்கத் திணறும் நிஜப் பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த இடத்தில் தடுமாறுகிறார், ஆசிரியர் அப்போது என்ன செய்ய வேண்டும் என்று எல்லாரும் பார்த்தால் என்ன என்ற விபரீத யோசனை யாருக்கும் வரலாம். ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் விழிப்பு தேவை. கேட்டதும் பார்த்ததும் மட்டும் வகுப்பறைக்குள் போய்ச் சேராது, பள்ளிக்கே வந்து பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும் என்று ப்ரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். நம்மிடம் அதற்கு ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகாமல் தடுக்க முடியாது. போனதும் கையில் செயலியைக் கொடுத்துவிடலாம். பயிற்சி நூலில் தேதி இருக்கிறதா, துணைக்கருவி சுவரில் தொங்குகிறதா, பாடக்குறிப்பில் கையெழுத்து இருக்கிறதா என்று டிக் அடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று, வகுப்பைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்துப் பிரித்தார்கள். நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தந்தப் பிள்ளையின் மட்டத்திலிருந்து கற்பித்தால் பலன் உண்டு என்பது மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்போடு நடந்த கள ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே இதை எதிர்க்காதீர்கள், எண்ணிக்கையாக்கி விடுங்கள். “உங்க கிளாஸ்ல எத்தனை மலர்?” என்று மட்டும் கேளுங்கள். குறைவாகச் சொன்னவரை எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்குள் வட்டாரம் முழுக்கப் பூத்துக் குலுங்கும்.

கடைசியாகப் பின்னூட்டப் படிவம். “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று எல்லாரும் எழுதுவார்கள். கதவுக்கு வெளியே பஸ் நிற்கிறது.

இவ்வளவு செய்தும் எங்காவது ஒரு கிராமத்துப் பள்ளியில், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பிள்ளைகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியை ஒருவர் இருக்கவே செய்வார். அவருடைய பிள்ளைகள் வாசிக்கவும் செய்வார்கள். அவரைக் கண்டிக்கக் கூடாது. பொன்னாடை போர்த்தி, மாவட்டக் கருத்தாளராக நியமித்துவிடுங்கள். அப்புறம் வருஷம் முழுக்க வகுப்புப் பக்கமே வர மாட்டார்.