உம் கொட்டுபவர்

தெருவுக்கு ஒருவராவது இருப்பார். நீங்கள் பேசப் பேச உங்கள் முகத்தையே பார்ப்பார். தலை ஆடும். இடம் பார்த்து ‘உம்’ விழும். ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார்.

கற்றுக்குட்டிகளைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். கண் ஃபேனுக்குப் போகும், வாய் லேசாகத் திறக்கும். நம்மவர் கைதேர்ந்தவர். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தினால் ‘உம்’. குரலை இறக்கினால் ‘ச்சு, ச்சு’. நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், அரை நொடி கழித்து. அந்த அரை நொடிதான் நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம்.

கேள்வி கேட்டால் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள். அதற்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறார்: “காலம் அப்படி.” தங்கம் விலையா, முழங்கால் வலியா, மருமகள் தனிக்குடித்தனம் போனதா, எல்லாவற்றுக்கும் பொருந்தும். எதிர்வீட்டு அம்மாள், “எம் பொண்ணுக்கு பேங்க்ல வேலை கிடைச்சிருச்சுண்ணே” என்று ஸ்வீட் பாக்ஸை நீட்டியபோதுதான் கொஞ்சம் இடறியது. “மனசைத் தேத்திக்கம்மா, காலம் அப்படி” என்றபடியே ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

நெவில் மோரே என்ற உளவியலாளர் 1959இல் ஒரு சோதனை செய்தார். ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லி, மறு காதில் சில சொற்களையே திரும்பத் திரும்ப ஓதினார். 35 தடவை ஓதியும் அவை மனதில் நிற்கவில்லை. ஆனால் சொந்தப் பெயர் வந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கண்டுகொண்டார். நம்மவர் பெயருக்கெல்லாம் அசைய மாட்டார். அடுப்படியில் யாராவது “காபி” என்று முணுமுணுக்க வேண்டும்.

2010இல் ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரை நாளின் பல நேரங்களில் கைபேசி வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 46.9 சதவீதம் மனம் வேறெங்கோ இருக்கிறதாம். இதைச் சொன்னதும் நம்மவரின் மனைவி, “பாதிகூட இல்லியா? நல்ல மனுஷங்களா பாத்துக் கேட்டிருக்காங்க” என்றார். மனம் அலையும்போது மகிழ்ச்சி குறைகிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. நம்மவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. குறைவதெல்லாம் எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குத்தான்.

ஆகவே, காரியமாகப் போகிறவர்கள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “மண்டபம் உங்க பொறுப்புண்ணே” என்று சொல்லி, அவர் ‘உம்’ என்றதை நம்பிப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள்.