எல்லாம் ரெடி, பனி மட்டும் பாக்கி

ஸ்னோ ஷூ என்று ஒரு சாமான் உண்டு. டென்னிஸ் மட்டையைக் காலில் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். பனியில் கால் புதையாமல் மலை ஏரி வரை நடந்து போகலாம். நாமக்கல் பக்கத்து மோகனூரில் கால் புதைகிற இடம் காவிரி மணலும் கரும்புக்காட்டுச் சேறும்தான். அதற்கு நம்மாள் போட்டிருக்கிற செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான்!

ஆனாலும் மார்கழி பிறந்தால் நமக்கும் பனி ஆசை வந்துவிடும். வேன் பிடித்து, மங்கி கேப் மாட்டிக்கொண்டு ஊட்டி ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். இந்த வியாதியைத் தொடங்கி வைத்தவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். 1819-ல் மலையேறியவர், இடம் ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்று தாமஸ் மன்றோவுக்குக் கடிதம் எழுதினார். பதினைந்து வயதிலேயே கம்பெனி வேலையில் சேர்ந்தவர் ஸ்விட்சர்லாந்தை எப்போது பார்த்தார்? கலெக்டரிடம் அதையெல்லாம் கேட்கக்கூடாது.

ஸ்விட்சர்லாந்து என்று சொல்லியாகிவிட்டது. ஏரி எங்கே? ஓடையை மறித்துக் கரை போட்டார்கள். 1824 வாக்கில் ஏரி ரெடி. கல்வீடு ரெடி. தோட்டத்தில் உருளைக்கிழங்கு ரெடி. சர்ச் கட்ட மரம்? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனை உத்தரங்கள் இருக்கவே இருக்கின்றன! செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் அவை இன்றைக்கும் ஞாயிறு பிரேயர் கேட்கின்றன.

பனிக்குத்தான் ஆர்டர் கொடுக்க முடியவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், சரி. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரிதான் தள்ளி. மேகமே இல்லாத ஜனவரி ராத்திரியில் தரை சூடெல்லாம் விட்டு, புல்லில் வெள்ளையாக உறைபனி படியும். வெயில் ஏறினால் போச்சு. வானத்திலிருந்து பனி கொட்ட மேகம் வேண்டும். மேகம் வந்தாலோ போர்வை போர்த்திய மாதிரி குளிர் விட்டுவிடும். இரண்டும் சேர்ந்து வர ஊட்டி என்ன கூட்டணிக் கட்சியா?

அதற்காக வெள்ளைக்காரர் ஆட்டத்தை விட்டாரா? 1834-ல் மெக்காலே பிரபு, அப்போது வெறும் மெக்காலே, 400 மைல் ஆள் தோளில் பல்லக்கேறி வந்தார். இறங்கிய இடத்தில் ஓயாத மழை. 'கிளாரிஸா' என்ற தலையணை நாவலை ஊர் முழுக்கச் சுற்றுக்கு விட்டார். மொத்த ஊட்டியும் இன்றைய மெகா சீரியல் ரேஞ்சில் அதன் கதாநாயகிக்காக உருகியது. நம் பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் வேண்டும் என்ற அவருடைய குறிப்பு மறுவருஷம்தான் வந்தது. மழை கொஞ்சம் சீக்கிரம் விட்டிருக்கலாம்.

பிறகு நரி வேட்டை. சிவப்புக் கோட்டு, கொம்பு, சீமை நாய், குதிரை எல்லாம் அச்சு அசல் இங்கிலாந்து. சீமை நரி மட்டும் கிடைக்கவில்லை. குள்ளநரியை நடிக்க வைத்தார்கள். சம்பளமில்லாத அந்த நடிகர் நல்ல ஓட்டம்.

சல்லிவனின் ஏரியில் ஒரு பக்கம் பிற்பாடு பஸ் ஸ்டாண்டாகவும் ரேஸ் கோர்ஸாகவும் ஆனது. விடியற்காலை ஆறு மணிக்குத் தலைக்குந்தாவில் நம் வேன் கோஷ்டி, கார் கூரையிலிருந்து உறைபனியைச் சுரண்டி உருட்டப் பார்க்கிறது. சோடா உப்பு அளவுகூடத் தேறாது; போட்டோ மட்டும் நாற்பது.

நிஜப் பனி பார்த்தவர் வேண்டுமா? நாமக்கல் லாரி டிரைவர் யாரையாவது பிடியுங்கள். ஆப்பிள் லோடுக்குக் காஷ்மீர் போய், டயருக்குச் சங்கிலி கட்டி ஏறுகிறவர்கள் அவர்கள்தான். பனியில் நடக்கச் செருப்பு போட்டது நம் ஜில்லாவில் லாரி மட்டுமே! ஸ்விட்சர்லாந்து மாதிரி இருந்ததா அண்ணே என்று கேட்டால், “ரோடு பிளாக்குப்பா, லோடு லேட்டு, ஓனர் பத்து போன் போட்டுட்டாரு” என்பார்.