ஆதிவாரம் ஸ்பாஞ்ச் கடுகு: மீன்தொட்டி ஃபில்டர் பராமரிப்பு குறித்த ஓர் ஆய்வு

1. வரையறையும் வகையும்

மீன்தொட்டி ஃபில்டர் என்பது மீன் கெடுத்த தண்ணீரை அந்த மீனுக்கே சீராக்கித் தரும் கருவி. சித்தூர், திருப்பதி வீடுகளில் இது மூவகைப்படும்: காற்று மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் பவர் ஃபில்டர், தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டர். நான்காவது வகை, வாங்கிய அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராதது; அதற்குப் பராமரிப்பு தேவையில்லை.

2. தொழிற்பாடு

மீன் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டாவது வேலை நைட்ரோபாக்டருடையது என்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் தெரிந்தது. அந்த இனத்தில் சில இரண்டு வேலைகளையும் தாமே செய்துமுடிக்கின்றன என்பது 2015-இல் வெளிவந்தது; அதற்கான சான்றுகளில் ஒன்று மீன்வளர்ப்பு வடிகட்டியிலிருந்தே கிடைத்தது. இருவருக்குப் பிரித்த வேலையை ஒருவரே செய்வதைக் கூட்டுக்குடும்பத்து மருமகள்கள் முன்பே அறிவர்.

3. கழுவும் முறை

வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, பஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழிந்து, திரும்பப் பொருத்த வேண்டும். குமிழி குறைந்தாலோ நீரோட்டம் தளர்ந்தாலோ கழுவலாம். இரண்டு பஞ்சு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் கழுவலாகாது. திருப்பதிக்குக் கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கை வழியாகவும் வரும் குடிநீரில் குளோரின் உண்டு. குழாயடியில் பிடித்த பஞ்சில் மேற்கண்ட உழைப்பாளிகள் மடியக்கூடும். சோப்பு அறவே கூடாது.

பழுப்பையெல்லாம் அழுக்கென்று கருதி, பஞ்சை வெள்ளை வெளேரென்று ஆக்குவோர் உண்டு. சுவடியின் பாடபேதங்களையெல்லாம் துடைத்தெறிந்து செம்பதிப்பு கொண்டுவருவோர் இவர்களுக்கு உறவு. இரண்டிடத்தும் பார்வைக்குப் பளிச்சென்றிருக்கும். உள்ளே உயிர் இராது.

4. கடுகுச் சிக்கல்

சித்தூர்த் தமிழ் வீடுகளில் தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது வழக்கம். அப்படிப்பட்ட வீடொன்றின் தொட்டிமேல் ஒட்டிய காலண்டர்த் தாளில் ‘ஆதிவாரம் ஸ்பாஞ்ச் கடுகு’ என்னும் சூத்திரம் காணப்படுகிறது (தாள், பின்பக்கம், வரி 1). தெலுங்கில் ஆதிவாரம் என்றால் ஞாயிறு, கடுகு என்றால் கழுவு. தமிழில் அது அஞ்சறைப் பெட்டியில் இருப்பது. இதிலிருந்து மூன்று கொள்கைகள் கிளைத்தன.

முதலாவது வேலூர்க் கொள்கை. வேலூரிலிருந்து வந்து தங்கிய சித்தி, ஞாயிறன்று பஞ்சின்மேல் கடுகு தூவியதில் இது பிறந்தது. சூத்திரத்தில் அளவு சொல்லப்படாததால் ‘ஒரு சிட்டிகை’ தொக்கி நிற்கிறது என்பர் இக்கொள்கையினர் (மேற்படி தாள், ஆணி ஓட்டைக்கு இரண்டு விரற்கடை கீழே, எண்ணெய்க் கறைக்கு வலப்புறம்). கடுகு வெடிக்க வேண்டுமா என்பதில் இவர்களுக்குள் பிளவு ஏற்பட்டது. தண்ணீரில் கடுகு வெடிக்காது என்று ஒரு பிரிவினர் நாற்பது பக்கத்தில் நிறுவினர். கறிவேப்பிலை பற்றிய குறிப்பு இடைச்செருகல் என்பதில் மட்டும் இரு பிரிவினரும் உடன்படுகின்றனர்.

இரண்டாவது சித்தூர்க் கொள்கை. தமிழில் ழகரம் வரும் இடத்தில் தெலுங்கில் டகரம் வரும்: ஏழு, ஏடு, கோழி, கோடி. கழுவு, கடுகு என்பனவும் அவ்வாறே ஒரு வேரின. வழக்கு இந்த ஒரு வரியில் முடிந்துவிடுவதால் இக்கொள்கைக்கு ஆய்வுலகில் ஆதரவில்லை.

மூன்றாவது திருப்பதிக் கொள்கை. தமிழில் கடுகுதல் என்றால் விரைதல், ஆகவே சூத்திரம் பஞ்சை நோக்கி ‘விரைந்து செல்’ என்று ஏவுகிறது (மேற்படி தாள், பால் கணக்கின்மேல், ஒரு லிட்டருக்கும் அரை லிட்டருக்கும் இடையே, தாள் நனைந்திருக்கையில், மூக்குக்கண்ணாடியை எட்டப் பிடித்தால் மட்டும் புலப்படுவது). தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாகச் சொல்வதால், அதற்குத் தெற்கே சித்தூரில் கிடைத்த தாள் முழுதும் தூய தமிழே என்பது இவர்கள் வாதம். ‘ஸ்பாஞ்ச்’ எந்தத் தமிழ் என்ற வினா அடுத்த கருத்தரங்குக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வர, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. கடுகு எந்தப் பக்கம் என்று அந்த எல்லை ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்று தரப்பிலும் தொட்டிக்குள் கைவிட்டவர் எவருமிலர். இதற்குள் நான்கு ஆதிவாரங்கள் கழிந்தன. கடுகு மோட்டாரைச் சென்றடைந்தது.

5. மோட்டார்

பவர் ஃபில்டரின் உள்ளே காந்தத்தோடு சேர்ந்த சிறு விசிறி ஒன்று மெல்லிய தண்டின்மேல் சுழல்கிறது. வழுவழுப்பு படிந்தால் அது உறுமும்; மணலோ கடுகோ புகுந்தால் நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கியபின் மூடியைத் திறந்து, விசிறியை உருவி, பழைய பல்துலக்கியால் குழியையும் தண்டையும் தேய்க்க வேண்டும். போர் தண்ணீர் விட்ட வெள்ளை உப்புப்படிவு வினிகரில் ஊறவைத்தால் கரையும். பிறகு நன்கு அலச வேண்டும்.

6. கரி

ஃபில்டரில் இட்ட கரி நாள்பட்டால் பயன்படாது; மாற்றுக.

7. மின்வெட்டு

காற்று மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே அதற்குள் இறங்கலாம். மோட்டாரை மேலே வைக்கலாம். அல்லது குழாயில் ஒருவழி வால்வு பொருத்தலாம். மின்கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கினால், அதில் வழியும் தண்ணீர் பிளக்கை எட்டாமல் வளைவின் அடியில் சொட்டிவிடும். மின்சாரம் பல மணி நேரம் வராவிட்டால் மூடிய ஃபில்டருக்குள் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிரிகள் மடியும். அதைத் திறந்து அலசாமல் மீண்டும் ஓடவிடலாகாது.

8. கை

வேலை முடிந்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவலாம். இந்த ஆய்வு சோப்பை அனுமதிக்கும் இடம் இது ஒன்றே.