அடைவு நிலை நான்கு

மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அபாண்டம். திங்கட்கிழமை சபைகூடலில் வெயிலில் நிறுத்தி இரண்டு பாட்டுப் பாட வைக்கிறார்களே! முதலில் நாட்டுப்பண், அடுத்தது மாநிலப் பண். இரண்டுக்கும் மெட்டு ஒன்றுதான். 1957இல் நாட்டுக்கு ஒரு பண் தேவைப்பட்டபோது துங்கு அப்துல் ரஹ்மான் பேராக்கின் மெட்டைத்தான் எடுத்துக்கொண்டார். சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட சுல்தான் அப்துல்லாவின் காலத்தில் கப்பலேறி வந்த மெட்டு என்பார்கள். ஆக, நாட்டுக்கே மெட்டுக் கொடுத்த மாநிலம் இது. கொடுத்ததோடு சரி, பிள்ளைகளுக்கென்று மிச்சம் வைக்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் அந்தப் பண்ணின் வேகத்தைக் கூட்டினார்கள், 2003இல் பழையபடி குறைத்தார்கள். தாளத்தைப் பற்றி இந்த நாட்டு மேலிடம் கவலைப்பட்டது அந்த இரண்டு தடவைதான் என்று நினைக்கிறேன்.

நான் சொல்லப்போவது தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துப் பள்ளி ஒன்றை. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 1983இல் கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டம் வந்தபோது இசைக்கல்வி தொடக்கப்பள்ளிப் பாடமானது. 2011இல் கே.எஸ்.எஸ்.ஆர். வந்தது. வாரத்துக்கு அரை மணி நேரம் என்று ஆனது. பாடநூல் இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது, வழவழத் தாளில் வண்ண வண்ணமாக. ஆண்டு முடிவில் கசங்காமல் திருப்பிக் கொடுக்கப்படும் ஒரே புத்தகம் அதுதான்.

இசை ஆசிரியரை நியமிப்பது மிக எளிது. கால அட்டவணை போடும்போது யாருக்குப் பாடவேளை குறைகிறதோ, அவர் இசை ஆசிரியர். குளியலறையில்கூட அவர் பாடியதில்லை என்பது தடையாகாது. வாய்ப்பாடு தெரியாதவரைக் கணிதத்துக்குப் போட்டால் பெற்றோர் கல்வியமைச்சு வரை மனு எழுதுவார்கள். சுருதி தெரியாதவரை இசைக்குப் போட்டால் நன்றி சொல்கிறார்கள், அந்த நேரத்தில் அவர் கணிதம் நடத்துவார் அல்லவா? நடத்துகிறார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு வருகிறது என்று 1988 முதல் இசைப் பாடவேளையைப் பிடுங்கினார்கள். 2021இல் அந்தத் தேர்வையே ஒழித்தாயிற்று. திருடியதற்குச் சொன்ன காரணம் செத்துவிட்டது, திருட்டு மட்டும் சாகவில்லை.

நான்காம் ஆண்டில் ரெக்கார்டர் வரும். பெற்றோர் காசு கொடுத்து வாங்கும் அந்தப் பிளாஸ்டிக் குழலில் முதலில் மூன்று சுரம், பி, ஏ, ஜி. பல பிள்ளைகளுக்கு முதலும் முடிவும் அந்த மூன்றுதான். பிறகு அது சிற்றுண்டிச்சாலையில் வாளாகிறது, வீட்டில் பரண் ஏறுகிறது. சொந்தக் காசில் கீபோர்டு வாங்கி, பள்ளி முடிந்தும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் அங்கங்கே உண்டு. அவர்களை வணங்குகிறேன். அவர்களை நம்பித்தான் ஓர் அமைச்சே தூங்குகிறது.

இனிமேல்தான் வேடிக்கை. பாடம் நடக்காவிட்டாலும் மதிப்பீடு நடந்தே தீரும். வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் அடைவு நிலை கொடுக்க வேண்டும். ஒன்று கொடுத்தால் ஏன் என்று மேலிடத்தில் கேட்பார்கள். ஆறு கொடுத்தால் பாடச் சொல்லிவிடுவார்கள். எனவே நான்கு. வகுப்பு முழுவதும் நான்கு. மூன்று சுரம் தாண்டாத முப்பது பிள்ளைகள் ஒரே இரவில் கணினி முன் இசையில் தேர்ச்சி பெறுகிறார்கள். தான்சேனுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் கைகூடியிருக்காது.

இந்த நாட்டில் எவனாவது உளறினால் “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பு” என்பார்கள். 1911 முதல் இங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் வந்த இரக்கமற்ற பேச்சு. இல்லாத குரல் காதில் கேட்கிறவர் அங்கே மருந்து சாப்பிடுகிறார். இல்லாத பாட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர் வெளியே சிறந்த சேவையாளர் விருது வாங்குகிறார். அந்த மருத்துவமனை இருக்கும் அதே உலுகிந்தாவில்தான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் ஈப்போ வளாகமும் இருக்கிறது. யாரை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடைவு நிலை நான்கு வாங்கிய முப்பது பேரில் ஒரு பையனைத் தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிற வழியில் பாருங்கள். தோளில் உருமி. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறும விடுகிறான், மறுபக்கத்தை அடித்துத் தாளத்தைத் திருப்புகிறான். காவடி எடுத்தவர் நடை தளர்ந்தால் அடியை மாற்றுகிறான், அருள் ஏறினால் கூடவே ஏறுகிறான். எழுதிப் பார்த்தால் நம் இசை ஆசிரியருக்குத் தலை சுற்றும். யார் சொல்லிக்கொடுத்தது? சித்தப்பா. அவருக்கு? தோட்டத்தில் அவருடைய அப்பா. விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்ததும் அவன் மெதுபயில் மாணவன். மேசையில் விரலால் தட்டினால் “என்னடா ரவுடித்தனம்?” என்று காதைத் திருகுகிறோம். உருமி என்றாலே குண்டர் கும்பல் என்று முகம் சுளிக்கும் கல்விமான்கள் நாம். அவன் கையிலிருந்த ஒரே கல்வியைப் பிடுங்கிக்கொண்டு கட்டொழுங்கு சொல்லித் தருகிறோம்.

நடக்காத பாடத்தை நடந்ததாக எழுதுவது நமக்குப் புதிதல்ல. 1920களின் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரை ஒரு கொட்டகையைக் காட்டி, கிராணியையோ கங்காணியையோ ஆசிரியர் என்று எழுதிக் கணக்கை முடித்தார். நூறாண்டு கழித்துக் கொட்டகை கல் கட்டடமாகிவிட்டது. எழுதிக் கணக்கை முடிக்கும் கலை அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரனைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

பள்ளி மண்டபத் திறப்பு விழாவுக்கு ஒய்.பி. எனப்படும் மக்கள் பிரதிநிதி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார். ஆளுயர மாதிரிக் காசோலையைப் பிடித்துப் படம் எடுப்பார்கள். அவரை வரவேற்கப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டுக்கு வாயசைத்து ஆடுவார்கள். ஒரு பிள்ளையின் குரல்கூட அந்த மேடையில் கேட்காது. கைத்தட்டு மட்டும் கேட்கும்.

“பாட்டுப் படிச்சா சோறு போடுமா?” என்று கேட்கிற தந்தைமாரே, ஈப்போவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாதக் கட்டணம் கட்டி வீணையோ வயலினோ கற்கிறது. அதன் அப்பா சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை. லாரி ஓட்டுகிறவரின் மகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே இசை வகுப்பு அந்த அரை மணி நேரம். அதைத்தான் எல்லாரும் சேர்ந்து தின்றிருக்கிறோம்.

2027இல் இன்னொரு புதிய கலைத்திட்டம் வருகிறது. அதிலும் எல்லாம் எழுத்தில் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்துக்குப் பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையோடு பரணில் கிடக்கும் அந்த ரெக்கார்டரையும் எடுத்துப் போங்கள். நான்கு போட்டவரிடம் நீட்டி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.