புதன்கிழமைப் பயணிகளுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
ஏரிக்கரைக் குடிமகன் ஒருவன்,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை.

பொருள்: சொந்த வண்டியை விட்டு பஸ் ஏறும் கலையில் தாங்கள் பெற்ற தேர்ச்சியை எங்கள் குப்பங்களுக்கும் அருளக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய வாரியத்தாருக்கு,

வாரிய ஊழியர்கள் புதன்கிழமைதோறும் சொந்த வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் சைக்கிளிலும் வேலைக்கு வருவதென்று 2022 கடைசியில் தாங்கள் எடுத்த முடிவைப் படித்து நாங்கள் நெகிழ்ந்துபோனோம். காற்றைக் காப்பவர்களே காற்றைக் கெடுக்காமல் அலுவலகம் வருவது எவ்வளவு பெரிய தியாகம்! அதுவும் கிண்டியில். அங்கே மின்சார ரயில் நிற்கிறது. 2016 முதல் மெட்ரோவும் நிற்கிறது. பஸ்ஸுக்கோ குறைவே இல்லை. இத்தனையையும் தாண்டிக் காரில் வந்து சேர்வதற்குத்தான் உண்மையில் மன உறுதி வேண்டும். அந்த உறுதியை வாரத்தில் ஒருநாள் விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். வாழ்க.

செய்தியை எங்கள் குப்பத்தில் வாசித்துக் காட்டினேன். தலையில் மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஆயா ஒருத்தி கேட்டாள்: "ஏம்ப்பா, மத்த நாள்ல அவங்களுக்கு பஸ்ஸு ஒத்துக்காதா?" அறியாமையில் கேட்டுவிட்டாள், மன்னியுங்கள். அவள் பெயரில் ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்து பஸ்தான். அவளுடைய கரியமிலக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இந்நேரம் தங்கள் வாரியமே அவளுக்கு ஒரு பதக்கம் குத்தியிருக்கும். பதக்கம் வேண்டாம், கூடை வைக்க இடம் கொடுத்தால் போதும் என்கிறாள்.

இடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல காரியம், குறை சொல்லமாட்டோம். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில் என்ன நடந்தது? மீன் விற்றுவிட்டு வந்த வயதான பெண் ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. கட்டணத்தை ஒரே கையெழுத்தில் எடுத்துவிடலாம், முகச்சுளிப்பை எடுக்க எந்த ஆணையும் போதாது என்று அன்றைக்குத் தெரிந்தது. மலையாளத்தார் அந்த ஆண்டே திருவனந்தபுரத்து மீன்காரப் பெண்களுக்காகக் கூடைக்கும் இடம் வைத்து 'சமுத்ரா' என்று தனிப் பேருந்துகள் விட்டார்கள். பழைய பஸ்ஸைத்தான் மாற்றிக் கட்டினார்கள்.

இனி எங்கள் ஆண்பிள்ளைகளின் குற்றத்துக்கு வருகிறேன். ஒப்புக்கொள்கிறோம்: குப்பத்தில் வீட்டுக்கு வீடு பைக் நிற்கிறது. விடியுமுன் அவை கிளம்புகின்றன. சில கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, சில காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு, சில அத்திப்பட்டுக்கு. எல்லாம் கான்ட்ராக்ட் வேலை. ஷிப்டுக்குப் பிந்தினால் அன்றைய கூலி போச்சு. பொன்னேரிக்குப் போகும் பஸ் திருப்பாலைவனம், மெதூர் என்று ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு போகிறது. பொன்னேரியில் இறங்கினால் ரயிலுக்கு ஓடவேண்டும். ரயிலை விட்டு இறங்கினால் கம்பெனி வாசலுக்கு ஷேர் ஆட்டோ. நைட் ஷிப்டு முடிந்து வருகிறவன் ஏரிப் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பத்துக்கோ கூனங்குப்பத்துக்கோ எதில் போவான்? தவணைக்கு பைக் எடுக்கிறான். ஆசைக்கு எடுத்த வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். மாதாமாதம் வட்டியோடு கட்டும் பஸ் டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பையன்களின் அப்பன்மார் வேலைக்குப் போன தூரத்தையும் வாரியம் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலிலிருந்து படகுக்கு, அவ்வளவுதான். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்த நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி எங்கள் பணியிடமாக இருந்தது. சாலை இல்லை, சிக்னல் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை. இருளர் பெண்களைப் பாருங்கள். ஏரித் தண்ணீரில் இறங்கி, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறியில் போட்டுக்கொண்டு போவார்கள். வேலைக்குப் போகும் வழியும் வேலை செய்யும் இடமும் அவர்களுக்கு ஒன்றே. உலகத்து நகரத் திட்டக்காரர்களெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, நடந்துபோகும் தூரத்தில் பிழைப்பு என்று மாநாடு போட்டுத் தேடுவது எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அந்த மாநாட்டுக்கு எங்களை யாரும் அழைக்கவில்லை.

கால அட்டவணையும் எங்களுக்குப் புதிதல்ல. 'பாடு' என்று ஒரு முறை இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் இறால் விளையும் இடங்களை இன்ன ஊருக்கு இன்ன நாள் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வோம். எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்பதும் முறைப்படிதான். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்கு அடுத்தவனுக்கு விட்டுத்தர வேண்டும். கண்டக்டர் இல்லை, விசில் இல்லை, ஆப் இல்லை. குறையே இல்லாத முறை என்று சொல்லமாட்டேன், வெளியில் நிற்கிற சாதிக்காரர்களுக்கு அதில் பங்கில்லை என்ற வழக்கு நெடுநாளாக உண்டு. ஆனாலும் முறை தவறினால் ஊர் கூடிக் கேட்கும். பொன்னேரி பஸ் நேரத்தை எங்கள் பெரியவர்கள் கையில் ஒருமாதம் கொடுத்துப் பார்க்கும்படி போக்குவரத்துத் துறைக்குத் தாங்கள் சிபாரிசு செய்யலாம்.

ஏரியிலிருந்து பையன் பைக்கில் ஏறியது எப்படி என்று கேட்டால், பதில் தங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே இருக்கிறது. தெற்கே எண்ணூரில் காமராசர் துறைமுகம், அதன் பக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளியை 2018-இல் அதானி நிறுவனம் வாங்கியது. பிறகு ஒரு விரிவாக்கத் திட்டம் தங்கள் மேசைக்கு வந்தது: 330 ஏக்கரை 6,111 ஏக்கராக்குவது, ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கை 320 மில்லியன் டன்னாக்குவது. 320 மில்லியன் டன் சரக்கு நகர்வதற்கு வரைபடம் தயார். ஒரு கூடை மீனும் ஒரு கிழவியும் பொன்னேரிக்கு நகர்வதற்கு யாரும் கோடு கிழிக்கவில்லை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று எங்களுக்கு உத்தரவு வரும். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பிய சுமார் 16 நிமிடத்தில் சுற்றுப்பாதையைப் பிடித்துவிட்டது. கரையில் நின்று கைதட்டினோம். அந்தப் 16 நிமிடத்தில் பழவேற்காட்டு பஸ் மெதூரைப் பிடித்திருந்தால் அதற்கும் தட்டியிருப்போம்.

ஆகவே எங்கள் கணக்கு எளிது. ஏரியில் ஒரு பாடு கெட்டால் ரோட்டில் ஒரு பைக் கூடும். முகத்துவாரம் மணல் மூடி மீன் உள்ளே வராமல் போனால் சிப்காட் வாசலில் ஹெல்மெட்டுகள் கூடும். பைக்கைக் குறைக்கத் தாங்கள் பஸ் ஏறவேண்டிய அவசியமே இல்லை. ஏரியையும் கடலையும் இருக்கிற இடத்தில் இருக்கவிட்டால் பாதி வண்டிக்குச் சாவி போடும் வேலையே இருக்காது. உலகத்தில் இவ்வளவு மலிவான போக்குவரத்துத் திட்டம் வேறு இல்லை. மலிவாக இருப்பதுதான் அதன் குறையோ என்னவோ.

செலவு இருந்தால்தான் திட்டம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூர் வழியாக எங்கள் ஏரிக்குள் புகுந்து ஆந்திரம் வரை போகிறது. 1878-இல் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். புகை விடாத தோணிகள் விறகும் சிப்பியும் உப்பும் ஏற்றிப் பட்டணத்துக்குள் போய்வந்தன. 2008-இல் இந்தக் கால்வாயையும் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று அறிவித்துவிட்டார்கள். காகிதத்தில் எங்கள் ஊர் தேசிய நீர்வழியில் இருக்கிறது. தண்ணீரில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் பயணம் செய்கின்றன. அவற்றுக்கும் டிக்கெட் இல்லை.

இதையெல்லாம் நேரில் பார்க்க ஒரு புதன்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். வழி சொல்கிறேன். கிண்டியில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறவும். ஜன்னல் ஓரம் உட்காரவும். எண்ணூரில் எழுப்பிவிடச் சொல்லி யாரிடமும் கேட்கவேண்டாம், மூக்கே எழுப்பிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கழிமுகம் அங்கேதான். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அங்கேதான். கால்நடையாக ஓடியவர்களையெல்லாம் தங்கள் இயக்கத்தின் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து அத்திப்பட்டு, அனல்மின் நிலையச் சாம்பல் பார்க்கலாம். பிறகு மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. பொன்னேரியில் இறங்கி எங்கள் பஸ்ஸுக்கு நிற்கவும். அங்கே நிற்கும் நேரத்தில் இந்தக் கடிதத்தை இன்னொருமுறை நிதானமாகப் படித்துவிடலாம்.

எங்கள் கோரிக்கைகள் மூன்றே மூன்று.

ஒன்று: ஷிப்டு நேரத்துக்கும் மீன் ஏலம் முடியும் நேரத்துக்கும் பொருந்துகிற பஸ்ஸும், அதில் கூடைக்கு ஓர் இடமும் வேண்டும் என்று தங்கள் சகோதரத் துறைக்கு ஒரு வரி எழுதவும்.

இரண்டு: ஒரு திட்டத்துக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை பேருக்கு வேலை தருவீர்கள் என்று கேட்பதோடு, எத்தனை பேரை நடந்துபோகும் வேலையிலிருந்து பெயர்த்து பைக்கில் ஏற்றுவீர்கள் என்றும் கேட்கவும். அந்தப் புகையையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதவும்.

மூன்று: காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22 என்றார்கள், அது வெள்ளிக்கிழமை. பிறகு 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அது செவ்வாய்க்கிழமை. இரண்டும் தள்ளிப்போயின. நாள் சரியில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இனி ஒரு கூட்டம் வைத்தால் புதன்கிழமை வைக்கவும், ஏதாவது ஒரு குப்பத்தில் வைக்கவும். திட்டக்காரர்களும் அதிகாரிகளும் ஆலோசகர்களும் தங்கள் விதிப்படி பஸ்ஸிலேயே வந்து சேரட்டும். கூட்டம் முடியுமுன் கடைசி பஸ் போய்விட்டால் கவலை வேண்டாம். காரில் வந்து காரில் போகிறவர்கள் அவசரமாகக் கேட்டுவிட்டுப் போன பேச்சையெல்லாம், விடிகிற வரை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம். சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைக் குடிமகன்.

நகல்: போக்குவரத்துத் துறைக்கு. பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறோம். வந்து சேரும்போது சேரும்.