சக்கைக் கள்ளனும் 192.168-உம்

சக்கைக் காலம் (வெளியூர்க்காரர்களுக்குப் பலாப்பழக் காலம்) முடிகிற நேரம். இந்த வாரத் தபாலில் முக்கால் பங்கு வைஃபை கேமரா பற்றியே வந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் கடிதமே சொல்லிவிடும்.

கே: எங்கள் புரையிடத்தில் காய்க்கும் வருக்கைச் சக்கை ராத்திரி ராத்திரி காணாமல் போகிறது. கள்ளனைப் பிடிக்க வைஃபை கேமரா வாங்கினேன். ‘பிரவுசரில் 192.168.1.10 என்று அடிக்கவும்’ என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. அடித்தால் ‘பக்கத்தைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. கேமராவும் போச்சா?
— சக்கை பறிகொடுத்தவர், திருவட்டார்

ப: கேமரா அங்கேதான் இருக்கிறது வே. நீர்தான் வேறு தெருவில் நின்று கதவைத் தட்டுகிறீர். உம்முடைய ரவுட்டர் வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் 192.168.0 என்று தொடங்கும் நம்பர் கொடுத்துக்கொண்டிருக்கும். கேமராவோ தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1-இல் குடியேறிவிட்டது. மூன்றாவது எண் மாறினால் பெரும்பாலும் தெருவே மாறிவிடும். ஒரே மேசையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது, பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி.

கேமராவுக்குக் கரண்டு கொடுத்து, லேப்டாப்போடு ஒரு நெட்வொர்க் கேபிளால் நேராக இணையும். லேப்டாப்பின் ஐ.பி. முகவரியைக் கொஞ்ச நேரத்துக்கு 192.168.1.20 என்றும், சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கையால் போடும். இப்போது அடித்துப் பாரும், அட்மின் பக்கம் திறக்கும். அங்கே நெட்வொர்க் பகுதியில் ‘டி.ஹெச்.சி.பி.’ என்பதை டிக் செய்தால், இனி ரவுட்டர் தருகிற முகவரியைக் கேமரா வாங்கிக்கொள்ளும். லேப்டாப்பையும் பழையபடி ஆக்கிவிடும். மறந்தால் நாளைக்கு ‘இன்டர்நெட் போச்சு’ என்று அடுத்த கடிதம் எழுதுவீர்.

பிறகு கேபிளை ரவுட்டரில் சொருகி, ரவுட்டர் கொடுத்த புது முகவரியில் கேமராவின் பக்கத்தைத் திறந்து, வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து சேவ் செய்யும். கேபிளை உருவியதும் கேமரா மறுபடி மாயமாகும். பலபேர் இந்த இடத்தில்தான் மனசு விட்டுக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கேமராக்களில் கேபிளுக்கு ‘மேக்’ என்று ஓர் அடையாள எண், வைஃபைக்கு வேறு ஒன்று. அதனால் ரவுட்டர் இதை யாரோ புது விருந்தாளி என்று நினைத்து வேறு முகவரி கொடுத்திருக்கும். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை ரவுட்டரில் பார்த்து, வைஃபை மேக்குக்கு அந்த முகவரியை நிரந்தரமாக எழுதி வையும். கேபிள் துளையே இல்லாத கேமரா என்றால், அதுவே சொந்தமாக ஒரு வைஃபை கிளப்பும். போனை அதில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு இதே வேலையைச் செய்யலாம்.

கே: யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ஞாபகம் வைக்க எவ்வளவு சுகம்! மாற்றித்தான் தீரவேண்டுமா? என் கடையில் உப்பையும் புளியையும் தவிர எவன் எதைப் பார்க்கப் போகிறான்?
— மளிகைக்காரர், தக்கலை

ப: உம் புளியை ஒருத்தனும் பார்க்க மாட்டான். அவனுக்கு வேண்டியது கேமராவின் கண் இல்லை, மூளை. கேமரா என்பது ராப்பகலாக விழித்திருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். சம்பளம் கேட்காத அடியாள்.

2016-இல் ‘மிராய்’ என்று ஒரு நச்சு நிரல் கிளம்பியது. உம்முடைய அட்மின்-அட்மின் போல அறுபதுக்கு மேற்பட்ட ஜோடிகளை மடியில் கட்டிக்கொண்டு, உலகத்தில் இருக்கும் கேமரா, ரவுட்டர் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்தன. இப்படிப் பிடித்த படையை ஏவி, அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் திணறடித்தார்கள். ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதிய இளவட்டங்கள் மூன்று பேர் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தொடங்கியது மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்குள் நடந்த போட்டியில் என்பதுதான் வேடிக்கை.

கேமராவை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும், தற்காலிக நினைவகத்தில் மட்டும் குடியிருக்கிற சாதி அது. ஆனால் பாஸ்வேர்டு பழையதாக இருந்தால் சில நிமிஷத்தில் திரும்பி வரும். பேயை ஓட்டிவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதை. பிரிட்டனில் இப்படி எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டோடு கருவி விற்பதே 2024 ஏப்ரல் 29 முதல் சட்டவிரோதம். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். புதுசு வாங்கும்போது கடைக்காரரிடம் எஸ்.டி.க்யூ.சி. சான்று உண்டா என்று கேளும். அவர் முழித்தால் அடுத்த கடைக்குப் போம்.

கே: ஊரில் கேமரா மாட்டிவிட்டு மஸ்கட் வந்துவிட்டேன். இங்கே ரூமில் 192.168.1.10 என்று அடித்தால் குளச்சலில் உள்ள எங்கள் வீடு வரவில்லை, யாருடைய பிரிண்டரோ வருகிறது!
— கடல் தாண்டியவர், மஸ்கட்

ப: மேலத்தெரு 4-ஆம் நம்பர் வீடு எந்த ஊரில் இல்லை? 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்று 1996-லேயே ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் அதே எண்கள் இருக்கலாம். நீர் மஸ்கட் மேலத்தெருவில் தட்டினீர், பிரிண்டர் எட்டிப் பார்த்தது.

‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்து வீட்டுக் கேமராவை வெளியே திறந்துவிடச் சொல்லும் புத்திசாலிகள் வருவார்கள். வேண்டாம். திறந்த கதவு உமக்கு மட்டும் திறந்திருக்காது. ரவுட்டரில் யு.பி.என்.பி. என்று ஒரு வசதி, உம்மைக் கேட்காமலே கதவைத் திறந்துவிடும். அதையும் அணைத்து வைக்கச் சொல்லும். போதாததற்கு, பல இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே பொது முகவரியை ஏகப்பட்ட வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. அங்கே போர்ட் திறந்தாலும் பலிக்காது. கேமராக் கம்பெனியின் ஆப் போதும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை மட்டும் போட்டுக்கொள்ளும். வீட்டு ரவுட்டரில் வி.பி.என். வைப்பது இன்னும் உத்தமம்தான், ஆனால் இருக்கும் நாட்டில் அதற்கு என்ன சட்டம் என்று முதலில் விசாரியும்.

கே: கேமராப் பெட்டியில் ஐ.பி.66 என்று இருக்கிறது. பிரவுசரில் 66 என்று அடித்தால் எதுவும் வரவில்லையே?
— கடலோரத்தான், முட்டம்

ப: அந்த ஐ.பி. வேறு, இந்த ஐ.பி. வேறு. 66-இல் முதல் 6 தூசி புகாது என்பதற்கு, இரண்டாவது 6 பலமாகப் பீச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. உப்புக்காற்றைப் பற்றி அந்த இரண்டு ஆறும் வாயே திறப்பதில்லை. முட்டத்தில் ஆணி படும் பாடு உமக்குத் தெரியும். கேபிள் இணைப்பை ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்து, திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் போடும்.

கே: பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் ‘பாதுகாப்பானதல்ல’ என்று பயமுறுத்துகிறதே?
— வடசேரி

ப: உண்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான். கேமராவுக்கும் உங்களுக்கும் நடுவில் போகும் பாஸ்வேர்டு மூடாத கடிதமாகப் போகிறது. சொந்த வீட்டு வைஃபையில் பரவாயில்லை. லாட்ஜ் வைஃபையில் இருந்துகொண்டு ஊர்க் கேமராவைத் திறந்தால் பயப்படலாம்.

கே: பழைய கேமரா. அட்மின் பக்கம் வருகிறது, படம் மட்டும் வரவில்லை. ஏதோ பிளக்-இன் கேட்கிறது.
— ஓய்வுபெற்ற வாத்தியார், நாகர்கோவில்

ப: அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தேடி அழுகிறது சார். 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. உங்களைப் போலவே, ஓய்வுக்குப் பிறகும் ஓரிடத்தில் டியூஷன் எடுக்கிறது. எட்ஜ் பிரவுசரில் ‘ஐ.இ. மோட்’ என்று பாருங்கள். அதில் ஒருமுறை நுழைந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஃபர்ம்வேர் புதுசு வந்து வருஷங்கள் ஆன கேமரா என்றால் அதற்கும் ஓய்வு கொடுக்கலாம்.

கே: எங்கள் கடையில் கள்ளன் புகுந்தது ராத்திரி 2 மணிக்கு. நாய் குரைத்ததை ஊரே கேட்டது. கேமராவில் 4.30 என்று இருக்கிறது. போலீஸ் ஏட்டு என்னையே ஒரு மாதிரிப் பார்க்கிறார்.
— பூ வியாபாரி, தோவாளை

ப: விடியுமுன்னே சந்தை கூடுகிற ஊரில் 4.30-க்குத் திருட எந்தக் கள்ளனுக்குத் துணிச்சல் வரும்? அத்தனை பேர் நடுவில் அவன் மாலை கட்டிக்கொண்டா நின்றான்? கேமரா பிறந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது. சீன நேரம் நம்மைவிட 2.30 மணி நேரம் முந்தி. கணக்கு ஒத்துப்போகிறது பாரும்.

செட்டிங்ஸில் ‘டைம்’ பகுதிக்குப் போய் நேர மண்டலத்தை +5.30 ஆக்கி, ‘என்.டி.பி.’ என்பதையும் டிக் செய்யும். கரண்டு போய் வந்தாலும் கேமரா இன்டர்நெட்டில் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதைச் செய்யாத கேமராக்களில் சில, ஒவ்வொரு கரண்டு தடைக்குப் பிறகும் 1970-க்கோ 2000-க்கோ போய் உட்கார்ந்துவிடும். 1970-இல் விவேகானந்தர் பாறையில் மண்டபம் திறந்தார்கள், 2000-இல் வள்ளுவர் சிலை. உம் கள்ளன் இரண்டு விழாவுக்கும் வந்தவன் என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா?

(நேரம் என்று வந்தபிறகு ஒன்று: இந்திய நேரத்தை அளப்பது 82.5 பாகைத் தீர்க்கரேகையில். நம் குமரி மாவட்டம் சுமார் 77.5-இல். ஆகவே நமக்குச் சூரியனே இருபது நிமிஷம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. அதற்கு எந்த செட்டிங்ஸும் இல்லை.)

ஏட்டையா கேட்கும்போது பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பாதேயும். அது படத்தைச் சுருக்கி வேறு ஃபைல் ஆக்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஃபைலின் ‘ஹேஷ்’ எண்ணைக் குறிக்க இடம் உண்டு. ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிப்போகும். கார்டில் இருக்கும் மூல ஃபைலை அப்படியே நகல் எடுத்து, கேமரா மணி எவ்வளவு பிசகாக இருந்தது என்பதையும் எழுதிக் கொடும். பிசகை மறைத்தால்தான் வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

கே: ஆடி மாசக் காற்றில் போனில் ஓயாமல் ‘நடமாட்டம் உள்ளது’ என்று அலாரம்.
— ஆரல்வாய்மொழி

ப: கணவாய்க் காற்றில் காற்றாலையே தலை சுற்றும்போது தென்னை ஓலை சும்மா இருக்குமா? கேமராவுக்குக் கள்ளனும் தெரியாது, ஓலையும் தெரியாது. முந்தின படத்துக்கும் இந்தப் படத்துக்கும் புள்ளிகள் மாறினால் கூவும். ‘மோஷன்’ பகுதியில் கட்டம் கட்டமாக வரும். ஓலை ஆடும் கட்டங்களை அழித்து, நடைவாசலை மட்டும் விட்டுவையும். ‘மனித உருவம் மட்டும்’ என்ற வசதி இருந்தால் அதையும் போடும்.

கே: 64 ஜி.பி. கார்டு போட்டேன். திங்கட்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை தேடினால் இல்லை.
— மார்த்தாண்டம்

ப: நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓயாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. மூன்றாவது நாள் முடியுமுன் கார்டு நிறைந்து, பழையதன் மேல் எழுதத் தொடங்கியிருக்கும். பிட்ரேட்டைப் பாதியாக்கும், அல்லது படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் ஹெச்.265-க்கு மாற்றும், அல்லது நடமாட்டம் வரும்போது மட்டும் பதியச் சொல்லும்.

கே: வீட்டில் ரவுட்டர், விளைக்கு அந்தப் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை. மழைக்காலத்தில் அங்குள்ள கேமரா செத்துப் பிழைக்கிறது.
— குலசேகரம்

ப: நனைந்த ரப்பர் இலை வைஃபை அலையைக் குடித்துவிடும். கேமராவின் பக்கத்தில் சிக்னல் -85 என்று காட்டுகிறதா? அந்த எண் கடன் மாதிரி: -60 என்றால் சமாளிக்கலாம், -85 என்றால் ஜப்தி. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை நம்பாமல் 2.4-ஐயே வையும், அதுதான் கொஞ்சமாவது தூரம் போகும். மலிவான கேமராக்களுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். ஆனால் உண்மையான மருந்து கேபிள். 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் போகும், அதே கேபிளில் கரண்டும் அனுப்பும் கேமராக்கள் உண்டு. துலாம் மாச இடிக்குத் தனியாக ஒரு சர்ஜ் தடுப்பான் வாங்கி மாட்டும்.

கே: ராத்திரி மட்டும் கேமராவில் வெள்ளை வெளேரென்று பேய் ஆடுகிறது!
— சுசீந்திரம்

ப: சிலந்தி. அகச்சிவப்பு விளக்கின் பக்கத்தில் பூச்சி வரும், பூச்சிக்கு அது வரும். துடைப்பத்தால் மந்திரிக்கவும்.

கே: உலகத்தில் முதன்முதலாக இப்படிக் கேமரா வைத்து எதைப் பிடித்தார்கள்?
— கல்லூரி மாணவி, கருங்கல்

ப: காப்பியை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறையில் ஒரே ஒரு காப்பி இயந்திரம். மாடி ஏறிப் போனால் பாத்திரம் காலி. 1991-இல் அதன் முன்னால் ஒரு கேமராவை வைத்து, 128-க்கு 128 புள்ளி அளவில் கறுப்பு வெள்ளைப் படமாகத் தங்கள் மேசையிலேயே பார்த்துக்கொண்டார்கள். 1993-இல் அது வலையில் ஏறியது, 2001-இல் அணைத்தார்கள். கடைசியாக அங்கே இருந்த இயந்திரத்தை 3,350 பவுண்டு கொடுத்து ஒரு ஜெர்மன் பத்திரிகையின் இணையப் பிரிவு ஏலத்தில் எடுத்தது. பிரவுசரில் திறக்கும்படி தனக்குள்ளேயே பக்கம் வைத்துக்கொண்ட கேமராவை ஸ்வீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் 1996-இல் விற்கத் தொடங்கியது. படிப்பாளிகள் காப்பிக்காகச் செய்ததை நாம் சக்கைக்காகச் செய்கிறோம். நம்முடையதே கனமான காரணம்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் புதுசாகக் கேமரா வைத்திருக்கிறார். எங்கள் விளையில் நாலு தெங்கும் கொஞ்சம் மட்டி வாழையும்தான் நிற்கிறது, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது எங்கள் அடுக்களைப் புறத்தையும் நேராக முறைக்கிறது. நிம்மதியாக உட்கார்ந்து ஒரு சக்கை வெட்ட முடியவில்லை. இதற்கு ஏதாவது செட்டிங்ஸ் உண்டா?
— பக்கத்து வீட்டுக்காரி, திருவட்டார்

ப: உண்டு அக்கா. கேமராவின் பக்கத்தில் ‘பிரைவசி மாஸ்க்’ என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் அடுக்களை தெரியும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் போட்டால் பார்வையிலும் பதிவிலும் அந்த இடம் இருட்டாகிவிடும். மைக்கையும் அணைக்கச் சொல்லுங்கள், அடுக்களைப் பேச்சு அவருக்கு எதற்கு? செய்து முடித்ததும் அவர் போனில் உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பக்கத்து வீடு, சண்டை வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தெங்கு இருக்கிறது, வாழை இருக்கிறது. பிலா எங்கே நிற்கிறது அக்கா?