வீட்டுக் கணினியின் துயிலெடை நிலை: ஓர் ஆய்வு

உறங்கும் மன்னரைச் சூதர்கள் பாடி எழுப்புவதற்குத் துயிலெடை நிலை என்று தனியாக ஒரு துறையே வகுத்த தொல்காப்பியம், உறங்கும் கணினியை எழுப்புவது பற்றி மௌனம் சாதிக்கிறது. உரையாசிரியர்களும் இதைத் தொடவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் கூடத்து மேசையில் புள்ளிகள் சுழன்றுகொண்டே இருக்கும் வீடுகள் நாட்டில் ஏராளம். இந்தக் குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை: விண்டோஸ் ஓடுகிற, வயதேறிய, ஹார்ட் டிஸ்க் உள்ள வீட்டுக் கணினிகள். அலுவலகக் கணினிகள் விலக்கப்பட்டன. அவை தாமதமாக எழுவதில் அங்குள்ளோருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதற்கண் நாட்டு வைத்தியம். மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தி, ரீஃப்ரெஷ் கொடுத்து, மறுபடி கொடுத்து, கை ஓயும்வரை கொடுப்பது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைந்த தலைமுறை இதை ஐயமின்றி நம்புகிறது. செருப்புக்காவது தூசி என்றொரு காரணம் உண்டு. ரீஃப்ரெஷ் செய்வது ஐகான்களைத் திரும்ப வரைவது மட்டுமே. நினைவகத்தில் ஒரு துளி இடம்கூட அதனால் காலியாகாது. இருபது முறை ரீஃப்ரெஷ் கொடுத்தவர், திணறும் கணினியின் தலையில் இருபது சில்லறை வேலைகளை ஏற்றினார் என்க. இரண்டாவதாக ஓர் ஆன்டிவைரஸ் போட்டால் வேகம் கூடும் என்பார் மறுசாரார். ஒன்று தொடும் கோப்பை மற்றதும் சோதிக்கப் போகும் என்பதால் அக்கூற்று தள்ளப்பட்டது.

காத்திருத்தலின் வரலாறு விசித்திரமானது. 1982-ல் வந்த கமடோர் 64, சுவிட்சைப் போட்ட சில விநாடிகளில் ‘ரெடி’ என்று சொல்லிவிட்டு நின்றது. அதற்கு வேண்டிய பேசிக் மொழி சில்லிலேயே பதிந்திருந்ததால், எங்கிருந்தும் எதையும் எடுத்துவர வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டே ஆப்பிளில் பிரச்சினை தலைதூக்கியது. மெக்கின்டாஷ் எழும் நேரத்தில் பத்து விநாடியைக் குறைத்தால், 50 லட்சம் பேருக்குத் தினம் 5 கோடி விநாடி மிச்சம். ஓராண்டில் டஜன் கணக்கில் மனித ஆயுள்கள் காப்பாற்றப்படும் என்று பொறியாளர் லாரி கென்யானிடம் ஸ்டீவ் ஜாப்ஸ் வாதிட்டதாக உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்திருக்கிறார். இவ்வாய்வு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. ஆண்டுக்கு 1,825 கோடி விநாடி, அதாவது சுமார் 578 வருடம். ஆயுள் 70 என்று வைத்தால் எட்டுப் பேர்தான் தேறுகிறார்கள். ஒரு டஜன்கூட இல்லை. கென்யான் கணக்குக் கேட்கவில்லை போலும். பத்து விநாடிக்கு மேலேயே குறைத்துக் கொடுத்தார்.

காத்திருப்பவருக்கு ஆறுதல் சொல்லும் கலையும் உடன் வளர்ந்தது. 2001-ன் விண்டோஸ் எக்ஸ்பி, மூன்று நீலக் கட்டைகளைப் பட்டைக்குள் இடமிருந்து வலமாக ஓடவிட்டது. விண்டோஸ் 8 புள்ளிகளைச் சுழலவிட்டது. எவ்வளவு வேலை முடிந்தது என்பதை இரண்டுமே சொல்லவில்லை. இந்நேரத்து மனநிலையை முல்லைத் திணையில் சேர்க்கலாம். இருத்தல்தான் அதன் உரிப்பொருள். வீட்டார் சி.பி.யு. என்று அழைக்கும் பெட்டியின் விலாவில் ஓங்கித் தட்டுவது ஊடலாதலின் மருதம்.

இனி நோய்நாடல். எங்கே தாமதம் என்பதுதான் முதற்கேள்வி. சுழலும் புள்ளிகூட வராமல் தயாரிப்பாளர் சின்னத்தோடு திரை நின்றுவிட்டால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, அது இன்னும் களத்துக்கே வரவில்லை. பின்புறம் செருகியபடி மறந்துபோன பென் டிரைவைப் பிடுங்கிப் பார்க்கலாம். தேதி தினமும் பழைய ஆண்டுக்கு ஓடிப்போனால் தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 பேட்டரி, மூன்று வோல்ட் நாணயம், தீர்ந்துவிட்டது என்று பொருள். கரன்ட் போன மறுநாள் மட்டும் தாமதமென்றால் வட்டுச் சோதனை நடந்திருக்கும்.

பாஸ்வேர்டு போட்ட பிறகு வரும் தாமதம்தான் பெரும்பான்மை வீடுகளின் கதை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் டிஸ்க் 100 சதவீதத்தில் கிடக்கும். பிராசஸரோ சும்மா உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் வட்டு, ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிவிநாடிக்குச் சற்று மேல் எடுக்கிறது. தேடுகிற இடம் வாசிக்கும் முள்ளுக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, முள் நகர்ந்து சேர இன்னும் ஒன்பது மில்லிவிநாடி என்று கொண்டால், விநாடிக்கு எழுபத்தைந்து முறைதான் எடுத்துத் தர முடியும். வரிசையாக இருப்பதை விநாடிக்கு 100 எம்.பி.க்கு மேல் வாசிக்கிற அதே வட்டு, 4 கே.பி. துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதை வாசிக்கும்போது 300 கே.பி.க்கு இறங்கிவிடுகிறது. பழைய மடிக்கணினிகளில் 5,400 சுற்று வட்டுகளே அதிகம். அங்கே நிலைமை இன்னும் மோசம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை எடுப்பதுதான் எழுதல் எனப்படுவது. ஆகவே குற்றவாளி முள்.

இதற்கிடையே பிரிண்டர் மென்பொருள், அரட்டைச் செயலி, பாட்டுச் செயலி, என்றோ போட்ட விளையாட்டின் அப்டேட்டர் எல்லாம் முதல் பந்தியிலேயே உட்காரத் துடிக்கின்றன. பரிமாறவோ ஒரே ஆள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் இவற்றை வரிசைப்படுத்துகிறது. எழும்போது பிராசஸரை ஒரு விநாடிக்கு மேல் பிடித்துவைத்தாலோ, வட்டில் 3 எம்.பி.க்கு மேல் வாசித்து எழுதினாலோ ‘ஹை’ முத்திரை விழும். ஆண்டுக்கு இரண்டு முறை அச்சடிக்கும் வீட்டில் பிரிண்டர் மென்பொருள் தினமும் காலையில் எழுந்து நிற்பதற்கு நியாயம் எதுவும் தட்டுப்படவில்லை. டிஸேபிள் கொடுத்தால் மென்பொருள் அழியாது, கூப்பிடும்போது வரும்.

அடுத்து ஒரு மாயம். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அடங்குவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவை அப்படியே வட்டில் எழுதிவைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறது. மறுநாள் அதையே எடுத்து மாட்டிக்கொள்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். இரவுதோறும் ஒழுங்காக அணைக்கும் வீட்டிலும் டாஸ்க் மேனேஜரின் ‘அப் டைம்’ பல நாள்களைக் காட்டுவது இதனால்தான். பழைய அழுக்கு போக ரீஸ்டார்ட்தான் எளிய வழி. ஆக, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற பெரியோர் வாக்கு, அணைத்துப் போடாமல் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகலாம் என்று திருத்தப்படுகிறது.

தீர்ப்பு: ஸ்டார்ட்அப் பட்டியலைச் சுருக்கியும் நிமிடக்கணக்கில் சுழன்றால், ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுவதே மருந்து. அதில் முள்ளும் இல்லை, சுற்றும் இல்லை, தேடல் 0.1 மில்லிவிநாடி அளவில் முடிந்துவிடும். புது விண்டோஸ், புது ராம், புது வால்பேப்பர் எல்லாம் அதற்குப் பிறகு. ஒருவேளை பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம் கேட்டால் வாசகர் இவ்வாய்வை இங்கேயே மூடிவைத்துவிட்டு, கல்யாணப் போட்டோக்களை முதலில் வேறிடத்தில் காப்பி செய்துகொள்ள வேண்டும்.